மஞ்சள் தாளில் வெட்டிய பந்தி

என் ராத்தாவுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அது போனதற்கு நான் தமிழில் எழுதிக் கொடுத்த ஒரு பக்கத் தாளும் காரணம். வீட்டுக்கு வந்து, "நீ என்னகா செய்வாய், எல்லாம் அல்லாஹ்ட நாட்டம்" என்று என்னைத் தேற்றுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. நாட்டம் அவனுடையது, ஒப்புக்கொள்கிறேன். எழுத்து என்னுடையது. நான் செய்ததை அவன் கணக்கில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் கல்முனையை அடுத்த ஊரொன்றில் பெண்கள் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். ராத்தா என் கூடப்பிறந்த அக்கா, என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். நான் படித்ததே அவள் நடந்த நடையால்தான். மருதமுனையில் நெய்த சாறனையும் சேலையையும் மூட்டையாகக் கட்டி இடுப்பில் ஏந்திக்கொண்டு, பெரியநீலாவணையையும் தாண்டி வீடு வீடாக நடந்து விற்பாள். அங்குள்ள தமிழ்ப் பெண்கள் அவளை உள்ளே கூப்பிட்டு இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, வீட்டுப் பிரச்சினையெல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் துணியைப் பார்ப்பார்கள். வெயிலில் காய்ந்து கறுத்து, காற்றடித்தால் சாய்கிற மாதிரி இருப்பாள். "எலும்புக்கு மேல முக்காடு போட்ட மாதிரி இரிக்காய்" என்று உம்மா அவளைப் பேசுவா. அந்த ராத்தாவைப் பார்த்துத்தான் பிறகு ஒரு காலத்தில் கிளினிக் டொக்டர் தலை நிமிராமலே, "சாப்பாட்டைக் குறைங்க, கொஞ்சம் நடந்து பழகுங்க" என்றார். யாரை நடக்கச் சொல்கிறார் என்று அவருக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த காலையில் ராத்தாவும் அவளுடைய ஒரே மகளும் பிரதான வீதிக்கு மேற்கே எங்கள் உம்மாவின் வீட்டில் இருந்தார்கள். மச்சான், அதாவது ராத்தாவின் கணவர், கரைவலை இழுக்கப் போயிருந்தார். மூன்றாம் நாள் அவர் மையித்தாகத்தான் கிடைத்தார். கரையில் இருந்த அவர்களுடைய வீட்டில் குசினியின் சீமெந்துத் தரை மட்டும் மிஞ்சியது. அந்தக் காலையைப் பற்றி நான் இதற்கு மேல் எழுத மாட்டேன். அதை வெளியூர்க்காரர்கள் வேண்டிய மட்டும் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். என் கோபமெல்லாம் அதற்குப் பிறகு வந்த வருடங்கள் மேல்.

உம்மாவின் வீட்டிலேயே இருங்கள் என்று ராத்தாவிடம் சொன்னேன். இருக்க முடியாது என்றாள். அகதி முகாமில் ஆள் இல்லாவிட்டால் வீடு கொடுக்கும் பட்டியலில் இருந்து பெயரை எடுத்துவிடுவார்களாம். கரையில் பழைய இடத்திலும் வீடு கட்டக் கூடாதாம். ஆகவே மகளையும் கூட்டிக்கொண்டு தகரக் கொட்டிலுக்குப் போனாள். கணவன் மௌத்தானால் நான்கு மாதமும் பத்து நாளும் பெண் வெளியே போகாமல் இத்தா இருப்பது எங்கள் வழக்கம். வீடென்று ஒன்று இருந்தால் இத்தாவிலும் குசினி, கிணற்றடி, வளவு என்று கால் ஓடும். தகரக் கொட்டிலில் நாலு எட்டு வைத்தால் அடுத்த குடும்பத்தின் சுவர். வெயில் ஏறியதும் கூரை அடுப்புச்சட்டி மாதிரி கொதிக்கும். வருடக் கணக்கில் மூட்டை சுமந்து நடந்தவள் அதற்குள் ஒரு பாயில் இருந்தாள்.

தின்னக் கொடுத்ததைச் சொல்ல வேண்டும். கோதுமை மா, சீனி, பருப்பு, எண்ணெய், பால்மா, பிஸ்கட். பிறகும் கோதுமை மா, சீனி. கடலில் மையித்துகள் மிதந்ததால் ஊரே மாதக் கணக்கில் மீனைத் தொடவில்லை. மீன் தின்றே வளர்ந்த சனம் மூன்று நேரமும் ரொட்டியைத் தின்று சீனித் தேத்தண்ணியைக் குடித்துக் கிடந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் வெறுங்கையோடு வரக் கூடாதென்று இனிப்புப் பண்டம் கொண்டுவந்தார்கள். வேண்டாம் என்றால் மனம் நோகும் என்று ராத்தா எல்லாவற்றையும் வாயில் போட்டாள். பசிக்குக் கொடுத்தார்கள் என்பதில் எனக்கு நன்றி உண்டு. ஆனால் சில மாதத்துக்கென்று சொன்ன கொட்டிலில் வருடக் கணக்காக ஆட்களை அடைத்து வைத்து, அதே மாவையும் சீனியையும் போட்டுவிட்டு, பிறகு அந்தச் சனத்தைப் பார்த்து, 'உடம்பைக் கவனிக்கத் தெரியாதவர்கள்' என்று பட்டறை நடத்தினார்களே, அதற்கு நன்றி கிடையாது.

இத்தா முடிந்தும் நடை திரும்பி வரவில்லை. துணி மூட்டை கடலோடு போய்விட்டது. புதிதாக ஒரு மூட்டை சேர்ப்பதற்குள் யுத்தம் மறுபடி மூண்டது. வீதிக்கு வீதி சோதனைச் சாவடி. தமிழ் ஆட்களுக்கு இங்கே வரப் பயம், முஸ்லிம்களான எங்களுக்கு அங்கே போகப் பயம். தேத்தண்ணி கொடுத்த வீடுகளில் யார் இருக்கிறார்கள், யார் கடலோடு போனார்கள் என்றுகூட ராத்தாவுக்குத் தெரியாது. இரண்டு வருடத்தில் ஒரு ராத்தா இரண்டு ராத்தாவானாள். முழங்கால் வீங்கியது. பிறகு பிறசர் என்றார்கள், சீனி வியாதி என்றார்கள், காலையும் இரவும் போடக் குளிசை கொடுத்தார்கள்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஒரு கல்யாண வீட்டில் சஹன் என்கிற பெரிய தட்டைச் சுற்றிச் சாப்பிட இருந்தோம். எதிரே இருந்த சொந்தக்கார மாமி ஒருத்தி சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "புருசன் போன கவலையில மெலியிற பொம்புளயளத்தான் நான் பாத்திரிக்கன். இவ கொழுக்கிறா." ராத்தா சஹனில் இருந்து கையை எடுத்தாள். பிறகு அவள் எந்த விருந்துக்கும் வரவில்லை. நான் அந்த மாமிக்குச் சொன்ன பதிலை ஒரு ஆசிரியை எழுதக் கூடாது.

அந்த மாமிக்குத் தெரியாததை நான் வகுப்பில் படிப்பிக்கிறேன். உடம்பில் ஏறும் கொழுப்பு, சாக்கில் கட்டி வைத்த மா மாதிரிச் சும்மா கிடப்பதில்லை. அதன் கலங்கள் அளவுக்கு மீறிப் பருத்தால், அங்கே ஏதோ கேடு நடக்கிறது என்று உடல் தன் காவல் கலங்களை அனுப்புகிறது. அவை இரத்தத்தில் இரசாயனச் செய்திகளை விட்டபடி இருக்கின்றன. அதைத்தான் அழற்சி என்கிறோம். புண்ணில் வருகிற மாதிரிச் சிவந்து காட்டாது. உமிக்குள் வைத்த நெருப்பாக வருடக் கணக்கில் உள்ளே கனலும். அந்தக் கனலில் இன்சுலினின் சொல் எடுபடாமல் போகிறது, சீனி ஏறுகிறது, இரத்தக் குழாய் கெடுகிறது. என் ராத்தாவின் உடம்பில் எரிந்தது அதுதான். ஊருக்கு அது கொழுப்பாகத் தெரிந்தது.

இதற்கிடையில் நடந்த ஒன்றைச் சொல்லாவிட்டால் என் குற்றம் பாதியாகிவிடும். ராத்தாவின் மகளுக்குக் கல்யாணமாகி முதல் பிள்ளை பிறந்தது. பிள்ளை பெற்றவளுக்கு மஞ்சள், மிளகு, இஞ்சி, உள்ளி, திப்பிலி எல்லாம் அரைத்துச் சரக்கு மருந்து கொடுத்து நாற்பது நாள் பத்தியம் காப்பது எங்கள் பக்கத்து வழமை. ஆஸ்பத்திரியில் இரும்புச்சத்துக் குளிசையும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். ராத்தா அந்தக் குளிசையை லேஞ்சித் துணியில் முடிந்து அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டாள்.

"ஏன் ராத்தா, அதையும் குடுக்கலாமே?" என்று கேட்டேன்.

"சரக்கு மருந்து திங்கக்குள்ள இங்கிலிசு மருந்து திங்கப்படாது. ரெண்டும் ஒண்டையொண்டு முறிக்கும். நாப்பது கழியட்டும், குடுப்பம்."

நான் சிரித்தேன். அடுத்த நாள் ஆசிரியர் அறையில் இதைப் பகிடியாகச் சொல்லி மற்றவர்களையும் சிரிக்க வைத்தேன். சிரித்தவர்களில் பாதிப் பேர் வீட்டிலும் அதே வழமைதான். நாங்கள் சிரித்துவிட்டு அவரவர் வகுப்புக்குப் போனோம்.

யுத்தம் முடிந்தது. சோதனைச் சாவடிகளை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். திறந்த வழியாலே எங்களிடம் முதலில் வந்து சேர்ந்தவை பயிற்சிப் பட்டறைகள். அதற்குள் ராத்தாவுக்கு வீடும் கிடைத்திருந்தது. கடலைவிட்டுத் தள்ளி, வயலை மண் போட்டு நிரப்பிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. மழை பெய்தால் வயல் தன் இடத்தைக் கேட்டுக்கொண்டு முற்றத்துக்கு வந்துவிடும்.

பெண்களின் சுகாதாரத்துக்கென்று ஒரு திட்டம் வந்தது. அதை நடத்தியவர் கொழும்பிலிருந்து வந்த ஒருவர். இஸ்திரி குலையாத சட்டை, கையில் கணினிப் பை. மண்டபத்தில் நூறு பெண்களை இருத்திவிட்டு, "உங்கட குசினிதான் உங்கட பாமசி" என்று தொடங்கினார். பெண்கள் கை தட்டினார்கள். அவரிடம் ஆங்கிலக் கட்டுரை ஒன்று இருந்தது. வாசனைச் சரக்குகளில் உள்ள தாவரச் சேர்மங்கள் உடல் பருமனால் வரும் அழற்சியைத் தணிப்பது பற்றியது. அதைத் தமிழில் ஒரு பக்கத் தாளாக எழுதித் தர விஞ்ஞானம் தெரிந்த ஆள் வேண்டும் என்றார். அதிபர் என்னைக் காட்டினார்.

நல்ல கட்டுரைதான். மஞ்சளுக்கு நிறம் கொடுக்கும் குர்குமின், மிளகின் காரமான பிப்பரின், இஞ்சியின் ஜிஞ்சரோல், இவை கொழுப்பு இழையத்தில் இருந்து கிளம்பும் அழற்சிச் செய்திகளை எப்படி அடக்குகின்றன என்று விளக்கியிருந்தது. கண்ணாடித் தட்டில் வளர்த்த கலங்களிலும் கொழுக்க வைத்த எலிகளிலும் பார்த்தது அது. கட்டுரையின் கடைசிப் பந்தியில் அதை ஒளிக்காமல் சொல்லியிருந்தது: மனிதரில் இன்னும் உறுதியாகவில்லை, மஞ்சளின் குர்குமினை உடல் மிகக் கொஞ்சமாகவே உள்ளே எடுக்கிறது, மிளகு அதைக் கூட்டும், ஆனால் வேறு மருந்துகளின் வேலையையும் மாற்றக்கூடும், ஆகவே வைத்தியர் தந்த மருந்தை நிறுத்தாதீர்கள், அவரைக் கேட்காமல் எதையும் தொடங்காதீர்கள். நான் அத்தனையையும் எழுதினேன். அந்தப் பந்தி தமிழில் நாலு வரி வந்தது.

அவர் தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "டீச்சர், அருமை. ஆனா ஒரு பக்கத்துக்குள்ள முடியணும். அம்மிப் படமும் போடணும். கடைசிப் பந்திய எடுத்திருவம். சனம் குழம்பிரும்."

நான், "சரி சேர்" என்றேன்.

என்னை யாரும் மிரட்டவில்லை. எழுதியது அச்சில் வரப் போகிறதென்ற புளுகத்தில் பூரித்துப்போய் இருந்தேன், அவ்வளவுதான். நாலு வரி போனால் என்ன, மருந்தை நிறுத்தக் கூடாதென்று யாருக்குத் தெரியாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். லேஞ்சியில் முடிந்து அலுமாரிக்கு மேலே வைத்த குளிசை அப்போது என் நினைவுக்கு வரவில்லை. பட்டறை முடிந்த அன்று எனக்கு ஒரு சான்றிதழும் சோற்றுப் பொதியும் தந்தார்கள். இரண்டையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

தாள் மஞ்சள் நிறத்திலேயே அச்சாகி வீடு வீடாகப் போனது. ராத்தா அதைச் சோற்றுப் பசையால் அடுப்புக்கு மேலே சுவரில் ஒட்டினாள். வந்தவர் போனவருக்கெல்லாம் வாசித்துக் காட்டினாள். "என்ட தங்கச்சி எழுதினது. படிச்சவள் சும்மா எழுதமாட்டாள்" என்பாள். மஞ்சள், மிளகு, வேர்க்கொம்பென்கிற சுக்கு மூன்றையும் காயவைத்து இடித்துத் தூளாக்கி, விடியலில் சுபஹு தொழுததும் சுடுதண்ணியில் கலந்து குடித்தாள். நான் 'உணவில் சேருங்கள்' என்றுதான் எழுதியிருந்தேன். கீழே மருந்தைப் போல அதன் குணங்களை வரிசையாக அடுக்கியிருந்தேன். ஆகவே அவள் அதை மருந்தாகவே எடுத்தாள். மருந்தென்றால் பத்தியம் உண்டு. சீனியை விட்டாள், எண்ணெயை விட்டாள். வேறு எதை விட்டாள் என்று நான் கேட்கவில்லை.

உடம்பு குறையத் தொடங்கியது. மாதத்துக்கு மாதம் சட்டை தொளதொளத்தது. ஊர் மெச்சியது. கல்யாண வீட்டு மாமிகூட வந்து தூள் வாங்கிக்கொண்டு போனாள். நானும் மெச்சினேன். இதை எழுதும்போது என் கை என்னையே அறையத் துடிக்கிறது. சீனி கட்டுக்கு மீறி ஏறினாலும் உடம்பு அப்படித்தான் உருகும். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் படிப்பிக்கிற பாடம் அது. அடிக்கடி தண்ணீர் குடித்தாள், அடிக்கடி கக்கூசுக்குப் போனாள். நான் கண்ணால் பார்த்துக்கொண்டு, "மாஷா அல்லாஹ், தூள் வேல செய்யிது ராத்தா" என்றேன். ஊருக்குத்தான் உபதேசம்.

உடம்பு குறைந்த தைரியத்தில் ராத்தா மறுபடி துணி மூட்டை கட்டினாள். புது இறப்பர்ச் செருப்பொன்று வாங்கிப் போட்டுக்கொண்டு பெரியநீலாவணைக்குப் போனாள். அன்று மாலை அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பழைய வீடுகளில் இரண்டில் ஆட்களே இல்லையாம். மற்ற வீடுகளில் கட்டிப் பிடித்து அழுதார்களாம். "ஒரு சேலையும் விக்கல்ல, ஒம்பது தேத்தண்ணி குடிச்ச. சீனி போடாமத்தான்" என்று சிரித்தாள். யுத்தம் முடிந்ததை எங்கள் வீடு கொண்டாடியது அந்த ஒரு நாளில்தான்.

புதுச் செருப்பு பெருவிரலுக்குக் கீழே கொப்புளம் போட்டிருந்தது. அவளுக்கு வலிக்கவில்லை. சீனி நரம்பைத் தின்றுவிட்டால் வலி சொல்லாது. அதன் மேல் மஞ்சளை அரைத்துப் பூசிக்கொண்டு அடுத்த நாளும் நடந்தாள். அதற்கடுத்த நாளும் நடந்தாள். பட்ட காலிலே படும் என்பார்கள். ஒரு நாள் மகள் எனக்கு அழைப்பெடுத்து, "சாச்சி, உம்மாட கால் அழுகி மணக்கிது, கெதியா வாங்க" என்றாள். போய்ப் பார்த்தபோது இரண்டு விரல்கள் கறுத்திருந்தன.

ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்டார்: "குளிசை ஒழுங்காப் போட்டவங்களா?"

"ஓம் டொக்டர். ஒரு மாதம்கூட கிளினிக் தவறவிட்டதில்ல" என்று அட்டையை நீட்டினேன். மாதத்துக்கு மாதம் கையொப்பம் இருந்தது.

அவர் இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார். "குளிசை போட்ட ஆளுக்கு இவ்வளவு சீனி வராது."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நீங்கள் கொடுத்த குளிசைதான் சரியில்லை, இரண்டு நிமிடம்கூட ஆளைப் பார்க்காமல் எழுதித் தள்ளுகிறீர்கள் என்று அவரிடம் பாய்ந்தேன். அந்தக் கோபத்தில் நியாயமும் இருந்தது. கட்டிலில் கிடந்த ராத்தா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அவரோட சண்டை பிடிக்காத. நான் போடல்ல."

"என்ன போடல்ல?"

"குளிசை. தூள் தொடங்கின நாளையில இருந்து போடல்ல."

"ஏன் ராத்தா?"

அவள் என்னை விளங்காமல் பார்த்தாள். "நீதானேகா எழுதின. சரக்கு மருந்து திங்கக்குள்ள மத்தத எப்பிடித் திங்கிற? முறிஞ்சிராதா? நீயும் மருந்த நிப்பாட்டாதீங்க எண்டு ஒரு எழுத்தும் எழுதல்லியே."

"அப்ப கிளினிக்குக்கு ஏன் போன நீங்க?"

"போகாட்டி அட்டைய வெட்டிருவாங்க. சொன்னா ஏசுவாங்க. தாற குளிசைய எறியிறதும் பாவம். பால்மா ரின்னுல போட்டு வெச்சிரிக்கன்."

அவளுக்கு மாற்றுடுப்பு எடுக்க வீட்டுக்குப் போனேன். குசினித் தட்டில் அந்தத் தகர ரின் இருந்தது. முகாமில் கொடுத்த பால்மாவின் ரின். திறந்தேன். சின்னச் சின்னக் கடதாசிப் பைகள் மாத வரிசையில் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் காலை ஒன்று, இரவு ஒன்று என்று எழுதியிருந்தது. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. மாதா மாதம் விடியக் காலையில் போய் மர வாங்கில் வரிசையிருந்து வாங்கி வந்திருக்கிறாள். அவள் பெயரைக் கூப்பிட்டவர்களில் ஒருவரும் அவளிடம், "இதைத் தின்கிறீர்களா" என்று கேட்கவில்லை. தலைக்கு மேலே சுவரில் என் தாள். அதைப் பிடித்து இழுத்தேன். எழுத்தெல்லாம் கிழிந்து கையோடு வந்தது. அம்மிப் படம் மட்டும் பசையோடு சுவரில் ஒட்டிக்கொண்டது.

நேரே திட்டத்தின் அலுவலகத்துக்குப் போனேன். கொழும்புக்காரர் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டாராம். மேசையில் இருந்த பெண் என் பழைய மாணவி. "அந்தத் தாள்ல ஒரு வரி சேக்கணும், மிச்சம் இரிக்கிறதயெல்லாம் எடு" என்றேன்.

"அவ்வளவும் குடுத்து முடிஞ்சி டீச்சர். நல்ல வரவேற்பு. ரிப்போட்டும் அனுப்பியாச்சி" என்று ஒரு பளபளக்கும் புத்தகத்தை எடுத்து நீட்டினாள்.

நாலாம் பக்கத்தில் என் ராத்தா சிரித்துக்கொண்டு நின்றாள், கையில் தூள் போத்தலோடு. ஆறு மாதத்தில் உடல் மெலிந்து மறுபடி தொழிலுக்குப் போகும் விதவைத் தாய் என்று கீழே எழுதியிருந்தது. அந்தப் பிள்ளையிடம் நான் கத்தியதற்குப் பிறகு மன்னிப்புக் கேட்டேன். அவள் என்ன செய்வாள்? கத்த வேண்டியவர் அங்கே இல்லை. தும்பை விட்டு வாலைப் பிடிக்கப் போனவள் நான்தான். ஊரெல்லாம் குசினிச் சுவர்களில் அந்த மஞ்சள் தாள் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு வீடாகப் போய்க் கிழிக்கவா முடியும்?

முதலில் விரல்களை எடுத்தார்கள். பிறகு பாதம். பிறகு முழங்காலுக்குக் கீழே எல்லாம்.

வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு, வெட்டிய பந்தியைப் பற்றி அவளிடம் சொன்னேன். அந்த மனிதர் சொன்னதையும் நான் 'சரி சேர்' என்றதையும் மறைக்காமல் சொன்னேன். அவள் முகட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"எவ்வளவு நீளம் அந்தப் பந்தி?"

"நாலு வரி."

"அம்மி எவ்வளவு இடம்?"

பிறகு பல நாள் அவள் என்னோடு கதைக்கவில்லை. நான் கொண்டுபோன சோற்றைத் தின்றாள், குளிசையை மகளின் கையால் வாங்கிப் போட்டாள், என் பக்கம் திரும்பவில்லை. அது எனக்கு வேண்டும். தேற்றிய எல்லோரையும்விட அவள் அந்த நாட்களில் எனக்கு நேர்மையாக நடந்தாள்.

மஞ்சள் மேல் எனக்குக் கோபமில்லை. இன்றும் என் மீன்கறியில் மஞ்சளும் மிளகும் உண்டு. அவற்றில் உடம்புக்கு நன்மை இருக்கலாம், ஒரு நாள் அது உறுதியாகவும் கூடும். ஆனால் எலியில் பார்த்ததை எலியில் பார்த்ததாகச் சொல்ல வேண்டும். கேட்கிற சனம் எதை மருந்தென்று நினைக்கும், அதற்காக எதை நிறுத்தும் என்று தெரிந்த ஆள்தான் அதை எழுத வேண்டும். அந்த ஆள் நான்தான். அதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். நான் தெரிந்ததையெல்லாம் வீட்டில் வைத்துவிட்டு ஆங்கிலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன்.

போன கிழமை ராத்தாவின் வீட்டில் இருந்தேன். இரண்டு வீடு தள்ளி இருக்கும் ஒரு பெண் வந்தாள். அவளும் சுனாமியில் கணவனை இழந்தவள், அவளுக்கும் அதே கோதுமை மா உடம்பு, அதே கிளினிக் அட்டை. கையில் நாலாக மடித்த மஞ்சள் தாள். என்னைப் பார்த்ததும் வெட்கத்தோடு சிரித்தாள்.

"டீச்சர் எழுதினதாமே. ராத்தா, ஒங்களிட்ட அந்தத் தூள் இரிந்தா கொஞ்சம் தாங்கவன். நானும் தொடங்கப் போறன்."

தாளைப் பறித்துக் கிழிக்க எழும்பினேன். ராத்தா கையைக் காட்டி என்னை இருத்தினாள்.

"தாறன் புள்ள, ஏன் தராம? கறிக்குப் போடு. ஆனா அந்தத் தாள்ல அரைவாசிதான் இரிக்கி. மத்த அரைவாசிய அச்சடிக்க இடமில்லாமப் போயித்து" என்று சொல்லிக்கொண்டே, மடியில் கிடந்த போர்வையை விலக்கித் தன் காலைக் காட்டினாள். "இஞ்ச இரிக்கி, பாரு."

அந்தப் பெண் பார்த்தாள். தாள் அவள் கையில் மடிந்தபடியே இருந்தது.

"இப்ப போய் ஒன்ட குளிசைய எடுத்துக்கொண்டு வா. எனக்கு முன்னால திண்டுபோட்டு, மறுகா தூளக் கொண்டு போ" என்றாள் ராத்தா. பிறகு பல நாளுக்குப் பின் என் பக்கம் திரும்பினாள். "நீ என்னகா பாத்துக்கொண்டிரிக்காய்? அவள் வாறதுக்குள்ள தண்ணி எடுத்து வை."

நான் தண்ணீர் எடுக்கக் குசினிக்குப் போனேன்.